மே மாதத்தில் பார்த்தது மலையே இல்லை!
கல்வராயன்மலைக்கு ஒரு வருடம் போய்வந்த அனுபவம்

‘குடும்பத்தோடு கல்வராயன்மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும்? விவசாயிகள் வாங்கி வருவதற்கு அங்கே ஏதாவது கிடைக்குமா?’

உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வி இது. கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் முடித்திருக்கலாம். ‘மே மாதம் வெள்ளிமலையில் கோடை விழா நடக்கும், கரியாலூரில் படகு விடலாம், மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்கலாம்’ என்று எழுதிவிட்டால் பதில் சரிதான். இரண்டு வருடத்துக்கு முன்பு யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இந்த நீண்ட பதில்.

எனக்கு நிலம் இருப்பது கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில். கோமுகி அணை ஆயக்கட்டு. பாதி கரும்பு, பாதி நெல். வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து, ‘மலையில் மேகம் இறங்கியிருக்கு, இன்னும் ஒரு மணி நேரத்தில் மழை’ என்று சொல்லிப் பழகியவன். ஆனால் அந்த மலையில் யார் இருக்கிறார்கள், என்ன விதைக்கிறார்கள் என்று நாற்பத்தைந்து வயதுவரை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை, மே மாதம், பிள்ளைகளின் விடுமுறைக்குப் போய் அருவியில் நனைந்துவிட்டு வருவதோடு சரி.

‘ஆடியில வாங்க தம்பி!’

அப்படி ஒரு மே மாதத்தில்தான் இது ஆரம்பித்தது. அருவியில் தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. கூட்டம் மட்டும் தேர்த்திருவிழா. திரும்பும்போது மகளுக்குத் தாகம் என்று சாலையோரத்தில் ஒரு கூரை வீட்டில் தண்ணீர் கேட்டோம். வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர். ஊர்ப்பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கூட்டம் வந்துவிடுமாம்.

வீட்டில் ஒரு தாத்தாவும் ஆயாவும் இருந்தார்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து எருதின் காலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக்கொண்டிருந்தார். குளம்புக்கு நடுவே கண்ணாடிச் சில் ஏறியிருந்தது. அருவிக்குப் போகும் ஒற்றையடிப்பாதை அவருடைய கொல்லையை ஒட்டிப் போகிறது. குடித்துவிட்டு வீசியெறிந்த பாட்டில் சில்லு உழவில் மேலே வந்திருக்கிறது. ஒரு பழைய உரச்சாக்கு நிறைய அவர் பொறுக்கிவைத்திருந்த சில்லுகளைக் காட்டினார். கோபமாகக் கூடக் காட்டவில்லை. “மரவள்ளி நடுற நேரம். ஒத்தை மாட்டை வெச்சு என்னாத்த உழுறது?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, “மலை ரொம்ப அழகா இருக்குங்க” என்றேன். ஆயா சிரித்துவிட்டார். “மே மாசத்துல வந்துட்டு மலையைப் பார்த்தேன்னு சொல்லாதீங்க தம்பி. இப்ப இங்க என்னா இருக்கு? ஊத்து வத்திக் கெடக்குது, கொல்லை வெறுங்கொல்லையா கெடக்குது. பார்க்கணும்னா ஆடியில வாங்க. பொறவு கார்த்தியில வாங்க.”

போனேன். அந்த ஒரு வருடத்தில் ஐந்து முறை போனேன்.

ஆடி: அருவியில் தண்ணீர், கையில் காசில்லை

கல்வராயன்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பெரும்பகுதி கிடக்கிறது. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ப்பிரதேசம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் ஆடியில் அது வேறு மலை. தென்மேற்குப் பருவமழை தொட்டதும் ஓடைகள் உயிர் பெற்றுவிடுகின்றன. அருவிக்குப் பக்கத்தில் நின்றால் பேசுவது கேட்கவில்லை. மே மாதம் ஆயிரக்கணக்கில் மொய்த்த இடத்தில் நானும் இரண்டு ஆடுமேய்க்கும் பையன்களும் மட்டும்.

ஆயாவின் கொல்லையில் சாமை முளைத்து விரல் உயரம் நின்றது. மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரிவில் மரவள்ளி, நட்டு இரண்டு மாதப் பயிர். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி, இலை இன்னும் மூடவில்லை. நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு மழை பிடித்தது. கால் மணி நேரம்தான் பெய்தது. அந்தக் கால் மணி நேரத்தில் மரவள்ளிப் பாத்தியிலிருந்து தண்ணீர் செக்கச்செவேலென்று இறங்கியது. பக்கத்துச் சாமைக் கொல்லையிலிருந்து இறங்கிய தண்ணீர் அந்த அளவு கலங்கவில்லை. இது எனக்குப் புதுப் பாடம். அந்த ஓடை கோமுகிக்குத்தான் வருகிறது. கோமுகி அணை மொத்தமே 46 அடி. அந்தச் செம்மண் அணைக்குள் வந்து படிந்தால் என் வயலுக்கு வரும் தண்ணீர் அவ்வளவுக்குக் குறையும். இத்தனை வருடம் ‘அணையைத் தூர் வாருங்கள்’ என்று மனு எழுதிக் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். தூர் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாத்தாவைக் குறைசொல்ல முடியாது. “எங்கப்பன் காலத்துல இந்தச் சரிவு பூரா சாமை, தெனை, கேவுரு, மொச்சை. அதுல வவுறு நெறையும், கையில காசு வராது. மரவள்ளி வந்த பொறவுதான் நோட்டைப் பார்த்தோம்” என்றார். அப்பன் காலம் என்று அவர் சொல்வதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருடம் கழித்து, 1976-இல்தான் அரசாங்கம் முழுவதுமாக எடுத்துக்கொண்டது. அதுவரை விளைந்ததில் பங்கும், கூலியில்லாத வெட்டி வேலையும் கொடுத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள் இவர்கள். பேர்தான் மலையாளி, கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள். பேச்சு நம் தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை.

ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் ஆடியில் இப்போது பட்டினி கிடையாது. ஆனால் காசு கிடையாது. போன வருட மரவள்ளிப் பணம் சித்திரைக்குள் கரைந்துவிடும். சாமை வர கார்த்திகை ஆகும். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, உரம் வாங்க வேண்டும், களைக்கு ஆள் வேண்டும். இந்த மூன்று மாதத்தில்தான் முன்பணத்தோடு ஆட்கள் மலையேறுகிறார்கள். ஒருவர் மரவள்ளிக்கு முன்பணம் கொடுத்து, தோண்டும்போது தான் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்று கட்டிவிடுவார். இன்னொருவர் ஆளுக்கே முன்பணம் கொடுப்பார். தாத்தாவின் மகன் அந்தச் சமயம் கேரளத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அது பரவாயில்லை என்றார். “எங்கன்னு சொல்லாம காசைக் கொடுத்து ராவுல வண்டியில ஏத்துறான் பாருங்க, அவன்தான் எமன்.”

2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகத் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது, கல்வராயன் போன்ற மலை ஊர்களில் அதை மறந்தவர்கள் யாருமில்லை. இன்னொரு கறையும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் இறந்தபோது, ‘கல்வராயன்மலைக்காரன்’ என்றாலே கீழே ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று ஆயா வருத்தப்பட்டார். கள்ளச்சாராயம் காய்ச்சுவது இந்த மலையில் பழைய நோய் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. “ஆடி மாசம் கையில அஞ்சாயிரம் இருந்தா எவன் அதுக்குப் போறான்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னோடு மலையிறங்கி வந்தது. ஊரில் கரும்புக்காரர்கள் மூன்று பேரிடம் பேசினேன். நாலு பேரும் சேர்ந்து பத்தாயிரம் ரூபாய் போட்டோம். கார்த்திகையில் சாமையும் தையில் கடுக்காயும் அன்றைய விலைக்குக் கொடுத்தால் போதும், வட்டி கிடையாது என்று ஊர்க்கவுண்டர் முன்னிலையில் தாத்தாவிடமும் இன்னும் இரண்டு வீட்டாரிடமும் கொடுத்துவிட்டு வந்தோம். தருமம் இல்லை, வியாபாரம்தான். எங்கள் நாலு பேரில் மூன்று பேர் வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். சாமை எப்படியும் வாங்கத்தான் போகிறோம்.

கார்த்திகை: சாமைக் களம்

வாசகர் கேட்ட ‘எந்த மாதம்’ என்பதற்கு எனக்கு ஒரே ஒரு மாதம்தான் சொல்ல அனுமதி என்றால் கார்த்திகை என்பேன். வடகிழக்கு மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்யும். அருவிகளில் தெளிந்த தண்ணீர். ஊரெல்லாம் களத்து வாசனை.

சாமைக்கு 85, 90 நாள் போதும். அரிவாளால் அறுத்துச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, பாறைமேல் அடுக்கிக் காயவைக்கிறார்கள். பிறகு களத்தில் பரப்பி மாடு கட்டிச் சுற்றவிட்டுப் போரடிக்கிறார்கள். அந்த எருது, குளம்பு ஆறி, நடுவில் நடந்தது. பொழுது சாய்ந்து காற்று எழுந்ததும் பெண்கள் முறத்தோடு கல்லின்மேல் ஏறி நின்று தூற்றினார்கள். என் மனைவியும் ஒரு முறத்தை வாங்கிக்கொண்டாள். நெல் தூற்றிய கைதான், ஆனால் சாமை நெல்லைவிடச் சிறுசு; காற்றுக்குப் பதரோடு மணியும் பறந்தது. ஆயா அதட்டி முறத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

இங்கேதான் சாமையின் பெரிய சிக்கல் தெரிந்தது. உமி இறுக்கமானது. கேழ்வரகு போல நேரே மாவாக்க முடியாது. உரலில் போட்டு ஒரு படி அரிசி எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும். உமி நீக்கும் எந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. அதனால் பெரும்பாலோர் உமியோடு வேன்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள். அதையே கீழே எந்திரத்தில் விட்டு, கல் பொறுக்கி, பையில் அடைத்து ‘சாமை அரிசி’ என்று விற்கும்போது விலை எங்கேயோ போய்விடுகிறது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். கொண்டாட்டம் பையில் அடைத்தவர் பக்கம் நின்றுவிட்டது. களத்தில் தூற்றியவர் பக்கம் முழுசாக வரவில்லை.

எங்கள் ஏற்பாடும் சொகுசாக நடக்கவில்லை. உமியோடு வாங்கி, கீழே ஒரு சின்ன ஆலையில் அரைத்தோம். கல் நீக்கும் எந்திரம் அங்கே இல்லை. பாறைக்களத்தில் அடித்த தானியம் என்பதால் பொடிக்கல் இருந்தது. நாலு பேரில் ஒருவர், “இதுக்குக் கடையிலேயே வாங்கியிருக்கலாம்” என்று சடைத்துக்கொண்டார். அடுத்த வருடம் சேர மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சாணி மெழுகிய களத்திலோ தார்ப்பாயிலோ அடித்தால் இந்தக் குறை பாதியாகக் குறையும். தாத்தாவிடம் சொல்லியிருக்கிறேன், தார்ப்பாயை நாங்கள் வாங்கித் தருவதாகப் பேச்சு.

தை: பனியும் கடுக்காயும்

தையில் போனபோது காலை ஒன்பது மணிக்கும் எதிரே வரும் வண்டி தெரியவில்லை. பனி புகையாக நின்றது. பொங்கல் முடிந்து எருதாட்டத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. என் மகன் குளிரில் நடுங்கிக்கொண்டே கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். உத்தராகண்டில் ஆலி என்ற பனிச்சறுக்கு ஊர். ‘நம்ம மலையில் பனி கட்டியாக விழுந்தால் நமக்கும் வருடம் முழுக்க ஆள் வருமே’ என்றான்.

வருடம் முழுக்க வருவதில்லை என்பதுதான் விஷயம். பனிச்சறுக்கு ஊர்களுக்குப் பிழைப்பு குளிர்காலத்தில் மூன்று, நான்கு மாதம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை ஊர்கள் இன்று பணக்கார ஊர்கள். ஆனால் அந்த மலையிலும் ஒரு ஆடி மாதம் இருந்தது. ஆஸ்திரியாவின் மலைக் கிராமங்களில் சோற்றுக்கில்லாமல், சின்னப் பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக ஜெர்மனியின் ஷ்வாபியா பகுதிக்கு மாடு மேய்க்கவும் பண்ணை வேலைக்கும் அனுப்பிய வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்தது. பிறகுதான் பனிச்சறுக்கு வந்தது. இப்போது உயரம் குறைந்த ஊர்களில் பனி குறைந்துகொண்டே போவதால் கோடைக்கும் ஆள் தேடுகிறார்கள். அதற்கு அவர்கள் பிடித்த வழி விவசாயம்தான். மாடு வைத்திருக்கும் குடும்பம் தன் வீட்டில் இரண்டு அறையை விருந்தாளிக்கு விடுகிறது. பாலும் பாலாடைக்கட்டியும் அங்கேயே விற்றுப்போகிறது. மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து மாடுகள் பூச்சூடி இறங்கிவரும் நாளைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வருகிறது. நம் மாட்டுப்பொங்கல்தான்.

ஆலியின் கதை வேறு மாதிரி. அதற்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் ஊரில் 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டு, ஆலிக்குப் போகும் கம்பிவட வண்டியையே நிறுத்த வேண்டியதாயிற்று. மலைமேல் எவ்வளவு கட்டலாம் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. கல்வராயன்மலையில் சொகுசு விடுதி வேண்டும் என்று பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த விரிசல்தான் ஞாபகம் வருகிறது. தாத்தா வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் ஒரு கழிப்பறையும் கட்டினால் போதும். அதற்கு நிலம் அவர் பேரில் இருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அனுபவ நிலத்துக்குப் பட்டா கேட்கலாம், கேட்டிருக்கிறார், காத்திருக்கிறார்.

அதே சட்டம் சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமையையும் கொடுக்கிறது. இந்த மலையில் அதில் முக்கியம் கடுக்காய். மார்கழி தொடங்கி மாசிவரை பொறுக்குகிறார்கள். மரத்தை உலுக்கி, விழுந்ததைப் பொறுக்கிப் பாறையில் காயவைப்பார்கள். சித்த மருந்துக்கும், தோல் பதனிடவும், சாயத்துக்கும் போகிறது. மத்திய அரசு 2020-இல் திருத்தி அறிவித்த ஆதரவு விலையில் கடுக்காய் கிலோ 15 ரூபாய், கொட்டையோடு புளி 36 ரூபாய், மலைத்தேன் 225 ரூபாய். அந்த விலை இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேன்காரர் சொன்னதுதான் விலை. அதையே கள்ளக்குறிச்சி நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் பல மடங்கு. சதைப்பற்றுள்ள, பூச்சி துளைக்காத காயாகத் தனியே பிரித்தால் அதற்கே கூடுதல் விலை கிடைக்கும். பிரிக்காமல் கலந்து போடுவதால் நல்ல காய்க்கும் சொத்தைக்கும் ஒரே விலை. இதை ஆயாவின் மருமகள் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு வந்த கடுக்காயில் ஒரு சொத்தை இல்லை.

மாசி: பாயிண்ட் கணக்கு

மாசியில் மலை மறுபடி காய ஆரம்பிக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு அழகாக எதுவும் இல்லை. புளி உலுக்குகிறார்கள், மரவள்ளி தோண்டுகிறார்கள், லாரி வருகிறது. ஆனால் விவசாயி ஒருவர் பார்க்க வேண்டிய மாதம் இது.

மரவள்ளிக்கு எடை மட்டும் விலை இல்லை. கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று ஆலையில் ‘பாயிண்ட்’ பார்ப்பார்கள். தோண்டுவதற்கு முன் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் பாயிண்ட் இறங்கிவிடும். தோண்டிய கிழங்கு இரண்டு, மூன்று நாள் கிடந்தாலும் இறங்கிவிடும். மலையிலிருந்து ஆலைக்கு லாரி போய்ச் சேருவதற்குள் என்ன ஆகிறது என்பது தோண்டியவர் கையில் இல்லை. முன்பணம் வாங்கியவருக்கு, பாயிண்ட் போடும்போது பக்கத்தில் நின்று பார்க்கும் உரிமைகூட இல்லை. அந்த வருடம் தாத்தா முன்பணம் வாங்கவில்லை. லாரியில் ஏறிக்கூடவே போனார். பெரிய லாபம் ஒன்றும் வந்துவிடவில்லை. விலை எல்லோருக்கும் ஒன்றுதான். “ஆனா நானே நின்னு பார்த்தேன்” என்றார்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று இதழ் வாசகர்களுக்கும் உதவும். நுனிக்குருத்து சுருண்டு கொத்தாகி, வெள்ளையாக மாவுப்பூச்சி அடைகிறது, என்ன மருந்து என்று கேட்டார். இந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-வாக்கில் தமிழ்நாட்டுக்குள் வந்த வெளிநாட்டுப் பூச்சி. கண்டபடி மருந்தடித்தால் அடங்காது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபஸி என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும். மருந்தடித்தால் முதலில் சாவது குளவிதான். பூச்சியில்லாத செடியிலிருந்து கரணை எடுங்கள், பாதித்த குருத்தை ஒடித்து அழியுங்கள், ஏத்தாப்பூரில் கேளுங்கள். மலையிலிருந்து தூரமில்லை.

சரிவு நிலத்துக்கும் வழி இருக்கிறது. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும். அங்கங்கே கல் வரப்பு, அதன்மேல் வெட்டிவேர் வரிசை. முதல் மூன்று மாதம் மண் வெறுமையாகக் கிடக்காமல் ஊடுபயிராக நிலக்கடலையோ தட்டைப்பயறோ உளுந்தோ. தாத்தாவின் கொல்லையிலேயே அவருடைய அப்பா போட்ட பழைய கல் வரப்பு ஒன்று மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. உழவுக்குத் தொந்தரவு என்று கலைத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் கலைக்கவில்லை. எடுத்துக் கட்டுவாரா என்று பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு

வாசகர் கேட்டதற்கு நேரான பதில் இதோ. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்து உண்டு. சேலத்துக்காரர்கள் வாழப்பாடி, தும்பல் வழியாகக் கருமந்துறை போகலாம். அங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேல் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது; நாற்று, ஒட்டுக்கன்று வாங்க நினைப்பவர்கள் ஒருநாள் ஒதுக்கலாம். வைகாசி, ஆனியில் பலா, கோடையில் தேன், கார்த்திகையில் சாமை, தினை, தை, மாசியில் கடுக்காய், புளி. பேரம் பேசுங்கள், ஆனால் கீழே கடையில் என்ன விலை என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். தேனை வீட்டில் தெரிந்தவர்களிடம் மட்டும் வாங்குங்கள்; சாலையோரத்தில் சர்க்கரைப் பாகும் விற்கிறது.

ஆடி, ஐப்பசியில் அருவியைத் தள்ளி நின்று பார்க்கவும். மேலே பெய்த மழை கீழே வர நேரமாகாது, பாறை வழுக்கும். மாலை ஐந்துக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். கோயில் களங்களில் செருப்போடு ஏறாதீர்கள். யார் கொல்லைக்குள்ளும் கேட்காமல் போகாதீர்கள். பாட்டில் கொண்டுபோகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? அந்த உரச்சாக்கு இன்னும் திண்ணையோரம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

ஒரு கடன் பாக்கி இருக்கிறது. தையில் திரும்பும்போது ஆயா ஒரு படி விதைச் சாமையைத் துணியில் முடிந்து கொடுத்தார். மலை வழக்கப்படி ஒரு படிக்கு இரண்டு படியாகத் திருப்ப வேண்டும். பத்து சென்ட்டில் விதைத்தேன். நன்றாகத்தான் கதிர் வந்தது. ஆனால் சுற்றிலும் கரும்பு. அந்தப் பக்கத்தில் கதிர் என்று இருந்தது என் கொல்லை மட்டும். ஊர்க் குருவி எல்லாம் அங்கேதான். கடைசியில் வீட்டுக்கு வந்தது மூன்று படி. இரண்டை எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் கொண்டுபோக வேண்டும்.